வாடகை பதினைந்து, வரிக்கு மூன்று

என் மாமனார் வீட்டுக்கு வரியை ஏற்றியவன் நான்தான். உத்தரவு மேலே இருந்து வந்தது, கையெழுத்து நிர்வாக அதிகாரியுடையது. ஆனால் வாசலில் நின்று நோட்டீசைக் கையில் கொடுத்தவன் நான். கொடுத்துவிட்டு அதே வாசல் வழியாக உள்ளே போய்க் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். ஏனென்றால் நான் குடியிருந்ததும் அந்த வீட்டில்தான்.

திருத்தணியில் பஞ்சாயத்து போர்டு ஆபீசில் எனக்கு பில் கலெக்டர் வேலை. வீட்டு வரி வசூல் செய்கிறவனுக்கு அப்படி ஒரு பெயர். கல்யாணப் பேச்சு நடந்தபோது எங்கள் திருவாலங்காட்டுத் தரகர் முதல் பாதியை விழுங்கிவிட்டு, "பையன் கலெக்டர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மாமனார் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லையாம். உண்மை தெரிந்தபோது வெற்றிலை பாக்கு மாற்றி முடிந்திருந்தது. "பரவால்ல, கவர்மெண்டு மாதிரிதானே" என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு, டவுனில் வேலையை வைத்துக்கொண்டு எதற்குத் தனி வீடு என்று எங்களைத் தன்னோடே வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். ஊருக்கு வெளியே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் நிலம், டவுனில் மலைக்குப் போகிற தெருவில் ஓட்டு வீடு. வீட்டின் முன்கட்டில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். பின்கட்டில் இரண்டு அறையும் ஒரு சமையல் சாய்ப்பும். அங்கே மல்லாட்டை மூட்டைகளும் சில எலிகளும் இருந்தன.

யுத்தத்தின் மூன்றாவது கோடையில் அந்த எலிகள் வெளியேற்றப்பட்டன. பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சனங்கள் ரயில் ரயிலாகக் கிளம்பிவிட்டார்கள். அரக்கோணத்தில் பாதி இறங்கியது, எங்கள் ஊரில் மீதி இறங்கியது. தையல் மிஷினோடு இறங்கினார்கள், கூண்டுக் கிளியோடு இறங்கினார்கள். ஒருவர் கடிகாரத்தைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஸ்டேஷனிலேயே எங்கள் ஊர்க்காரர்கள் நின்றுகொண்டு, "வீடு வேணுமா சார், காத்தோட்டமான வீடு" என்று கூவ ஆரம்பித்தார்கள். அதுவரை வாடகை என்பது எங்கள் ஊரில் பெரிய விஷயமே இல்லை. இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். அதையும் கேட்டு வாங்கக் கூச்சப்படுவார்கள். பத்தே நாளில் கூச்சம் போய்விட்டது.

எங்கள் பின்கட்டுக்கு வந்தவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை. கணக்கு டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உருவம், மூக்குக்கண்ணாடி. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அவருடைய கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. அவர் பட்டணத்திலேயே இருந்துகொண்டு சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வந்து திங்கட்கிழமை காலை ரயிலில் போவார். மாமனார் பின்கட்டைக் காட்டி, "பதினஞ்சு ரூபா" என்றார். சொல்லும்போது குரல் லேசாக நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். டீச்சர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஓட்டுல வெளிச்சம் தெரியுதே?"

"அது காத்துக்கு வுட்டது மா."

டீச்சர் சிரித்துக்கொண்டு முன்பணம் கொடுத்தார். மழைக்கு முன்னால் ஓடு மாற்றித் தருவதாக மாமனார் வாக்குக் கொடுத்தார். முதல் கோடை மழையில் அந்த வாக்கு நனைந்தது. டீச்சர் நான்கு பாத்திரங்களை அறையில் ஆங்காங்கே வைத்துவிட்டு, நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்தார். புகார் சொல்லவில்லை. அடுத்த நாள் மட்டும், "ஐயா, காத்து நல்லா வருது" என்றார்.

ஊரில் திடீரென்று இரண்டு பங்கு சனம். கிணறுகள் வற்றின, குப்பை மலைபோல் சேர்ந்தது, தோட்டிகள் போதவில்லை. ஆடிக் கிருத்திகை வேறு வரப்போகிறது. காவடிகள் ஆயிரக்கணக்கில் வருகிற நாளில் ஊர் இப்படிக் கிடந்தால் காலரா வரும் என்று மேலே இருந்து கடிதம் வந்தது. போர்டில் பணம் இல்லை. அப்போதுதான் எங்கள் நிர்வாக அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

அவர் அனந்தபூர்ப் பக்கத்துக்காரர். தமிழை நிறுத்தி நிறுத்தி, சுத்தமாகப் பேசுவார். கோபமே வராது. யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். ஒருமுறை ஒரு ஆள் அவரைக் கண்டபடி திட்டினான். அவர் எழுதிக்கொண்டே வந்து, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றார். அவன் அதோடு நிறுத்திவிட்டான்.

"வீட்டு வரி எதன்மேல போடணும்?" என்று என்னைக் கேட்டார்.

"வருஷ வாடகை மதிப்பு மேல சார்."

"இப்ப ஊர்ல வாடகை என்ன?"

நான் பழைய ரிஜிஸ்டரைப் புரட்ட ஆரம்பித்தேன். "போய் எழுதிட்டு வாங்க" என்றார்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். ஊர் என்னைவிட வேகமாக இருந்தது. நான் முதல் தெருவை முடிப்பதற்குள் கடைசித் தெருவுக்குச் செய்தி போய்விட்டது. எந்த வீட்டில் கேட்டாலும் வாடகைக்காரர்களே இல்லை. எல்லாரும் சொந்தக்காரர்கள். எங்கள் எதிர்வீட்டில் ஒரு மல்லாட்டை வியாபாரி. அவர் வீட்டு மாடியில் பட்டணத்து வெள்ளைக்காரக் கம்பெனி குமாஸ்தா ஒருவர் குடியிருந்தார். சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம், வீட்டில் பேசுவது மலையாளம்.

"இவர் யாருங்க?" என்றேன்.

"எங்க சித்தப்பா மகன்" என்றார் வியாபாரி.

"மலையாளம் பேசறாரே."

"சின்ன வயசுலயே அந்தப் பக்கம் போயிட்டாரு."

எழுதிக்கொண்டேன். நோட்டைப் பார்த்த நிர்வாக அதிகாரி, "திருத்தணிக்காரங்களுக்கு இவ்வளவு பெரிய குடும்பமா!" என்று சந்தோஷப்பட்டார். பிறகு தானே கிளம்பினார். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க வாடகைக்கு வீடு தேடுகிறவர் மாதிரி சுற்றினார். ஸ்டேஷன் பக்கத்தில் நின்றவர்களுக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது. ஆளாளுக்குக் கூப்பிட்டு விலை சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

நோட்டீசு போன நாளிலிருந்து நான் தெருவில் நடப்பதே கஷ்டமாகிவிட்டது. அப்போது நாங்கள் சித்தூர் ஜில்லா, ஆபீஸ் காகிதம் தெலுங்கில். எங்கள் ஊரில் தெலுங்கு பேசாதவர்கள் கொஞ்சம், படிக்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம். அதனால் நோட்டீசைக் கொடுத்த நானே படித்தும் காட்ட வேண்டியிருந்தது. படித்து முடித்ததும், அந்தத் தொகையை நானே இப்போதுதான் யோசித்துச் சொன்னது போல என்னைத் திட்டுவார்கள். ஒரு அம்மாள், "இன்னொரு தபா படி, கம்மியா வருதா பாக்கலாம்" என்றாள். படித்தேன். அதேதான் வந்தது.

வீட்டில் மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். 'மாப்ள' என்று கூப்பிடுகிறவர், அன்றிலிருந்து அத்தையைப் பார்த்து, "கவர்மெண்டாருக்கு மோர் ஊத்து" என்பார். நான் அடுத்த வாய் எடுப்பதற்குள், "கவர்மெண்டாருக்கு ஊறுகாய் வேணுமான்னு கேளு, இல்லன்னா அதுக்கும் நோட்டீசு அனுப்புவாரு" என்பார். அத்தை தலையில் அடித்துக்கொள்வார். என் மனைவிதான் பாவம். "நைனா, அவரு இன்னா பண்ணுவாரு, சொன்ன வேலய செய்யறாரு" என்று என் பக்கம் ஒரு வார்த்தை, "நீங்களும் நம்ம வீட்ட கடைசியா எழுதியிருக்கலாம் இல்ல" என்று அவர் பக்கம் ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆட்சேபணை மனு போட வேண்டும் என்று வந்தபோது, ஆபீஸ் தெலுங்கில் எழுதத் தெரிந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். மாமனார் நேரே கேட்கவில்லை. காலையில் நான் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளையும் மைக்கூட்டையும் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "கனம் பொருந்திய அதிகாரி அவர்களுக்கு. எங்கள் வீடு மிகவும் பழையது. பின்கட்டு மனுசன் இருக்க லாயக்கில்லாதது." நான் உட்கார்ந்து எழுதினேன். நான் போட்ட வரி அநியாயம், பில் கலெக்டர் சரியாக விசாரிக்காமல் எழுதிவிட்டார் என்று நானே நல்ல நடையில் எழுதிக் கொடுத்தேன். விஷயம் பரவி, எதிர்வீட்டு வியாபாரி வந்தார். அவரைத் தொடர்ந்து தெருவே வந்தது. நாற்பது மனு எழுதியிருப்பேன். எல்லாவற்றிலும் என்னைத் திட்டித்தான் இருந்தது. நாலைந்து மனுவுக்கு மேல் கை பழகிவிட்டது. 'சிறிதும் இரக்கமற்ற பில் கலெக்டர்' என்று நானாகவே ஒன்று சேர்த்தேன். அது எல்லாருக்கும் பிடித்துப் போய், தங்களுக்கும் அதைப் போடச் சொன்னார்கள்.

மறுநாள் ஆபீசில் அந்த மனுக்களை முத்திரை குத்தி வாங்கி, மேஜையில் அடுக்கியவனும் நான்தான். நிர்வாக அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். பத்தாவது மனுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மீ அக்ஷராலு சால பாகுன்னாயி" என்றார். உங்கள் கையெழுத்து ரொம்ப அழகாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு வேர்த்துவிட்டது. அவர் அடுத்த மனுவை எடுத்தார்.

"நாப்பது பேரையும் தனித்தனியா விசாரிச்சா கிருத்திகை போயிடும். எல்லாரையும் ஒண்ணா கூப்பிடுங்க. தண்டோராவுக்கு எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இங்கேதான் ஒரு சின்ன விஷயம் நடந்தது. 'வீட்டுச் சொந்தக்காரர்கள்' என்று எழுதியிருக்க வேண்டும். நான் அவசரத்தில், 'வீடுகளில் குடியிருப்போர் அனைவரும்' என்று எழுதிவிட்டேன். தண்டோரா போடுகிறவர் அதையே தமிழிலும் தெலுங்கிலும் நாலு மூலையிலும் தட்டிச் சொல்லிவிட்டார். கூட்டத்தன்று சத்திரத்துக்குள் நுழைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பக்கம் வீட்டுக்காரர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு பக்கம், தூண்களை ஒட்டி, பட்டணத்துச் சனங்கள் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வரிசையில் முன்னால் எங்கள் கணக்கு டீச்சர்.

போர்டு பிரசிடெண்ட் முதலில் எழுந்தார். அவர் துணிக்கடை வைத்திருந்தார், அதே குரலில்தான் எங்கேயும் பேசுவார். "ஊரு நல்லா இருக்கணும்னா நாலு காசு குடுக்கத்தான் வேணும். தண்ணி வேணாமா? வெளக்கு வேணாமா? கிருத்திகைக்கு லட்சம் சனம் வரும், அவங்க நம்ம ஊரப் பாத்து மூக்கப் பிடிச்சிகினு போலாமா?" என்றார். கொஞ்சம் கைதட்டல்கூட வந்தது. கைதட்டியது பட்டணத்துப் பக்கம்.

"பிரசிடெண்டு வூட்டுக்கு எவ்ளோ ஏறிச்சு? அத மொதல்ல சொல்லுங்க" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்.

நிர்வாக அதிகாரி நோட்டைப் புரட்டி, இருக்கிற வீடுகளிலேயே அதிகமான தொகையைப் படித்தார். பிரசிடெண்ட் திரும்பிப் பார்த்தார். வந்த நோட்டீசை அவர் பிரித்தே பார்க்கவில்லை, துணி அளக்கிற மேஜையில் எங்கோ போட்டிருக்கிறார். "இன்னொரு தபா படிங்க" என்றார். அதிகாரி படித்தார். பிரசிடெண்ட் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அதாவது, தண்ணி, வெளக்கு எல்லாம் வேணுந்தான். ஆனா இது கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சத்திரமே சிரித்தது.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இவ்வளவு நாள் ஊரில் இருந்தும், என் வீடு மோசம் என்று ஒருவர் வாயால் நான் கேட்டதில்லை. அன்று அதற்கு ஒரு போட்டியே நடந்தது. ஒருவர் தன் வீட்டில் கதவைத் திறந்தால் சுவரும் கூடவே வருகிறது என்றார். இன்னொருவர், தன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளைவிடத் தேள் ஜாஸ்தி என்றார். எதிர்வீட்டு வியாபாரி, "எங்க மாடி எப்ப விழும்னு பயந்து நாங்க கீழ படுக்கறதே இல்ல" என்றார். "அப்ப சித்தப்பா மகன் மேல படுத்திருக்காரே?" என்று அதிகாரி கேட்டார். "அவருக்குத் தெரியாதுங்க" என்று வியாபாரி பதில் சொன்னார். தூணோரம் உட்கார்ந்திருந்த பாலக்காட்டு குமாஸ்தா வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மாமனார் எழுந்தார். இரண்டு நாளாக மாட்டுக் கொட்டகையில் மாட்டின் முன்னால் பேசிப் பழகிய பேச்சு. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"ஐயா, எங்க பின்கட்டு வூடே இல்ல. மல்லாட்ட மூட்ட போடற கொட்டாய். மழ பேஞ்சா வெளிய விட உள்ள ஜாஸ்தி நனையும். கூரையில ஓடு எத்தினியோ, ஓட்ட அத்தினி. அதுல எங்க மூட்டைங்கள போடறதுக்கே எனக்கு மனசு வராது. மாசம் மூணு ரூபா குடுன்னு கேட்டா, கேக்கறவன் மனுசன் இல்ல. இதுக்குப் போயி எங்க கவர்மெண்டாரு பதினஞ்சுன்னு எழுதியிருக்காரு!"

கடைசி வார்த்தையில் என்னைக் கையால் காட்டினார். ஜமக்காளப் பக்கம் பலமாகக் கைதட்டியது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, நன்றாகப் பேசினார்.

நிர்வாக அதிகாரி எழுதி முடித்து நிமிர்ந்தார். "மாதம் மூணு ரூபாய். சரிதானே? கையெழுத்துப் போடறீங்களா?"

"ஆங், போடறேன்." நடந்து போய்ப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது டீச்சர் எழுந்து நின்றார். பெண்கள் கூட்டத்தில் பேசுவது எங்கள் ஊருக்குப் பழக்கமில்லை. அதனாலேயே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா சொன்னது ஒவ்வொண்ணும் நிஜம்" என்றார். "நான் அந்தப் பின்கட்டிலதான் இருக்கேன். மழை வந்தா நாலு பாத்திரம் வைக்கிறேன், ஐயா சொன்னதை விடக் கொஞ்சம் அதிகமாகவே ஒழுகுது. அவர் இவ்வளவு நியாயமா பேசுவார்னு நான் எதிர்பார்க்கலை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். மூணு ரூபாய்னு கையெழுத்துப் போட்டுட்டார். ஒண்ணாம் தேதியிலிருந்து நானும் அதையே குடுத்தா போதும்தானே?"

மாமனார் மேஜை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பேனா இன்னும் கையில் இருந்தது. "அது... வரிக்கு சொன்னது மா" என்றார்.

சத்திரத்தில் எழுந்த சிரிப்பில் மேலே இருந்த புறாக்கள் எல்லாம் வெளியே பறந்துவிட்டன. சிரிப்பு அடங்குவதற்குள் பாலக்காட்டு குமாஸ்தா எழுந்தார். "நான் இந்த வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன்னு எழுதியிருக்குதாமே. எனக்கு இப்பத்தான் தெரியும். ரொம்ப சந்தோஷம். சித்தப்பா மகன் வாடகை குடுக்கணுமா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு மாமா, இரண்டு மச்சான்கள், ஒரு தம்பி எல்லாம் எழுந்தார்கள். அந்தத் தம்பிக்கு வீட்டுக்கார அண்ணனைவிட இருபது வயது அதிகம்.

வீட்டுக்காரர்கள் பேசி முடிவு செய்யக் கொஞ்சம் அவகாசம் கேட்டார்கள். அதிகாரி கொடுத்தார். எல்லாரும் சத்திரத்தின் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் கூடினார்கள். மாமனார் என் தோளைத் தொட்டு ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ள" என்றார். பதினெட்டு நாளைக்குப் பிறகு. "பதினஞ்சுன்னே இருக்கட்டும்னு வையுங்க. பின்கட்டுக்கு மட்டும் வரி எவ்ளோ வரும்?"

சொன்னேன்.

"மாசத்துக்கா?"

"வருஷத்துக்கு மாமா."

அவர் முகம் எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. விரல்களை மடக்கிப் பார்த்தார். மறுபடி மடக்கினார். "வருஷ வரி ஒரு மாச வாடகை கூட ஆவாதா?"

"ஆவாது."

"இத ஏன் முன்னாடியே எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்கிட்ட பேசலியே மாமா."

என்னைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அங்கே அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. ஒவ்வொருவரும் விரலை மடக்குவது மட்டும் தெரிந்தது. வரி மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று எல்லாரும் கத்தினார்களே தவிர, எதிலிருந்து எதுவாக என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மனு எழுதிய எனக்கும் தோன்றவில்லை. திட்டு எழுதுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

உள்ளே வந்ததும் மாமனார் அதிகாரியிடம், "ஒரு சின்ன தப்பு ஆயிடுச்சுங்க. பதினஞ்சுன்னே எழுதிக்குங்க" என்றார்.

"மூணு ரூபாய் கேக்கறவன் மனுஷன் இல்லைன்னு சொன்னீங்க" என்று அதிகாரி நோட்டைப் பார்த்துப் படித்தார்.

"அது வந்து, வூடு அவ்ளோ மோசம் இல்லீங்க."

"ஒழுகுது" என்றார் டீச்சர், உட்கார்ந்தபடியே.

"ஒழுகுற வீட்டுக்கு நான் பதினஞ்சு எழுத முடியாதே" என்றார் அதிகாரி. அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு நடந்தது கூட்டம் இல்லை, சந்தை. மாமனார் பதினான்கு என்றார், டீச்சர் பத்து என்றார். மாமனார் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேசினார். டீச்சர் எலிகளைப் பற்றிப் பேசினார். கடைசியில், ஒரு வாரத்துக்குள் ஓடு மாற்றித் தருவது, வாடகை பன்னிரண்டு, வரி அந்தப் பன்னிரண்டின் மேல் என்று முடிந்தது. அதிகாரி மூன்றையும் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். வரி விசாரணைக்கு வந்தவர், இருட்டுவதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட வாடகைத் தகராறுகளைத் தீர்த்து வைத்தார். சித்தப்பா மகனுக்கு மூன்று ரூபாய் குறைந்தது, சொந்தம் முடிந்தது. பிரசிடெண்ட் தன் வீட்டில் வாடகைக்காரர் யாருமே இல்லை என்பதால் பேரம் பேச ஆள் இல்லாமல், போட்ட வரியை முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் மாமனார் முன்னால் போனார். டீச்சரும் என் மனைவியும் நடுவில். நான் கடைசியில். டீச்சர் அவரைக் கூப்பிட்டு, "ஐயா, உங்களுக்கு என் மேல கோபமா?" என்றார்.

மாமனார் நின்றார். "கோவம் இன்னாத்துக்கு மா. அவ்ளோ பேரு எதிர்ல என்னை கேள்வி கேட்டீங்க. ஆனா ஒண்ணு, நான் பேசினதயும் ஒழுங்கா கேட்டுகினு இருந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

ஓடு மாற்றினார்கள். வீட்டுக் கூரை முழுவதிலும் இருந்த நல்ல ஓடுகளையெல்லாம் பொறுக்கி மாமனார் பின்கட்டுக்கே போடச் சொல்லிவிட்டார். விரிந்ததும் உடைந்ததும் எங்கள் பக்கம் வந்தன. ஆடியில் பெய்த மழையில் பின்கட்டில் ஒரு சொட்டு இறங்கவில்லை. எங்கள் அறையில் என் தலைமாட்டுக்கு நேராக இறங்கியது. டீச்சர் தன் நான்கு பாத்திரங்களில் இரண்டை எங்களுக்குக் கொடுத்தார். கிருத்திகைக்குக் குப்பை அள்ளக் கூடுதல் ஆள் போட்டார்கள், குளத்தைச் சுற்றி மருந்து தெளித்தார்கள், காவடிகள் வந்து போயின, காலரா வரவில்லை.

குண்டும் வரவில்லை. புரட்டாசிக்குள் பட்டணத்துச் சனங்களுக்குச் சலித்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிறது என்று டீச்சருக்குக் கடிதம் வந்தது. போகிற அன்று என் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமனார் ஸ்டேஷன் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு மாசத்தில் ஊர் பழைய ஊராகிவிட்டது. வீடுகள் காலி. வரி மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு நாள் காலை மாமனார் ஆபீசுக்கே வந்துவிட்டார். என்னைத் தெரியாதவர் போல வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "வூடு காலியா கீது, வரி தள்ளுபடி வேணும்" என்றார். காலி வீட்டுக்குத் தள்ளுபடி உண்டு என்று அவரிடம் யார் சொன்னது என்று அதிகாரி கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க, பாத்துடலாம்" என்றார்.

பின்கட்டுக் கதவைத் திறந்தால் தரை முதல் கூரை வரை புது மல்லாட்டை மூட்டை. அந்த வாரம்தான் காட்டிலிருந்து வந்திருந்தது. மாமனாருக்கு மனிதர்கள் இல்லாத இடம் எல்லாம் காலிதான். அவர் உண்மையாகவே அப்படி நினைத்திருந்தார், ஏமாற்ற நினைக்கவில்லை.

"இது காலி இல்லையே" என்றார் அதிகாரி.

"மூட்ட எங்கயாவது வரி கட்டுமா?" என்றார் மாமனார்.

அதிகாரி எழுதப் போனவர், என்னவோ நினைத்து நோட்டை மூடினார். ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து நாலு காயை எடுத்து உடைத்து வாயில் போட்டார். "எங்க அப்பாவும் மல்லாட்டைதான் போடுவார்" என்றார். பிறகு இரண்டு பேரும் தெலுங்கில் பேச ஆரம்பித்தார்கள். எந்த மண்ணுக்கு எந்த விதை, எந்த மாசத்தில் பூச்சி விழும், வியாபாரி எடை போடும்போது கட்டை விரலை எங்கே வைக்கிறான். இரண்டு மூட்டைகளின் மேல் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தை மோர் கொண்டு வந்து கொடுத்தார். நான் கதவோரம் நின்று கால் வலிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் அந்த மனிதரிடம் நான் வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

எழுந்து போகும்போது, "மூட்டையை எடுத்துட்டு திங்கக்கிழமை சொல்லி அனுப்புங்க, வந்து காலின்னு எழுதறேன்" என்றார் அதிகாரி. "இருந்தா, இருக்குன்னுதான் எழுதுவேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் மாமனாரும் மூட்டை சுமந்தோம். கூடத்தில் பாதி, எங்கள் அறையில் பாதி. திங்கட்கிழமை அவர் வந்து பார்த்துக் காலி என்று எழுதினார். அந்த அரையாண்டுக்குப் பின்கட்டு வரி தள்ளுபடி ஆயிற்று. மாமனார் அன்று முழுக்க உற்சாகமாக இருந்தார். "நல்ல மனுசன்" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிச்சமான தொகையை அன்றிரவு நான் என் மனைவியிடம் சொன்னேன். மூட்டை தூக்க ஒரு ஆளை வைத்திருந்தால் அந்தக் கூலிக்கே சரியாகப் போயிருக்கும். அவள் என் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இதைக் கேட்டுவிட்டு, "நைனாவுக்கு இதெல்லாம் சொல்லாதீங்க, இன்னிக்கு ஒரு நாளு சந்தோசமா இருக்கட்டும்" என்றாள். மாமனார் பக்கத்து அறையிலிருந்து, "கேட்டுகினுதான் இருக்கறேன்" என்றார்.